எண்ணப்படாதோரை எண்ணியவர்: தாகே லார்சனின் பணி குறித்து ஒரு மதிப்பீடு

நோய்களுக்குப் பெயர் சூட்டும் மரபு பெரும்பாலும் மருத்துவர்களையே நினைவில் நிறுத்துவது. அம்மரபுக்குப் புறநடையாக அமைவது ஷோக்ரென் - லார்சன் நோய்த்தொகுதி. பெயரின் முற்பாதிக்குரிய தோர்ஸ்டன் ஷோக்ரென் சுவீடனின் உளமருத்துவர். பிற்பாதிக்குரிய தாகே லார்சனோ மருத்துவரல்லர், காப்புறுதித் துறை சார்ந்த புள்ளிவிபரவியலாளர். அவரது பங்கு கணக்கர் ஒருவரின் துணைப்பணியே எனக் கருதுவது எளிது. அக்கருத்து எத்துணைப் பொருத்தமுடையது என்பது ஆராயத்தக்கது.

இருவரும் 1957 இல் வெளியிட்ட ஆய்வு, பெரிதும் வட சுவீடனின் வெஸ்டர்பொட்டன் பகுதியைச் சார்ந்த 28 நோயாளரைப் பற்றியது. பிறவியிலேயே மீன்செதில் போன்று தடித்துலர்ந்த தோல், கால்களின் விறைப்பு, அறிவு வளர்ச்சிக் குறைபாடு ஆகிய மூன்றும் அவர்களிடத்தே ஒருங்கே காணப்பட்டன. இக்கூட்டு தற்செயலானதா, பரம்பரை அலகு ஒன்றின் விளைவா என்பதே வினா.

இவ்வினாவுக்கு நோயாளரை மட்டும் நோக்கி விடைகாண முயல்வோர் வழுவ நேரும். இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பின்னிடைவான பரம்பரை அலகைத் தாங்கிய பெற்றோருக்குப் பிறக்கும் பிள்ளைகளில் நாலில் ஒருவரே நோயுறுவர் என்பது மெண்டலின் விதி. இரு பிள்ளைகள் கொண்ட அத்தகைய 16 குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். சராசரியாக 9 குடும்பங்களில் எவரும் நோயுறார். 6 இல் ஒருவர். 1 இல் இருவரும். மருத்துவர் அறிவது பின்னைய 7 குடும்பங்களையே. அவற்றின் 14 பிள்ளைகளில் நோயுற்றோர் 8 பேர். கால்பங்காக இருக்கவேண்டியது பாதிக்கு மேலாகத் தோற்றுகிறது. இவ்வழுவைத் திருத்தும் முறையை 1912 இல் ஜேர்மனியரான வில்ஹெல்ம் வைன்பேர்க் வகுத்தார். வாசலுக்கு வந்தவரோடு வராதவரையும் கணக்கிற் கொள்ளல் காப்புறுதியாளரின் முதற்பாடமுமாகும். சுவீடனின் கோவிற்பற்றுப் பதிவேடுகளும் 1749 முதல் பேணப்பட்ட குடித்தொகைக் கணக்குகளும் அதற்கு வேண்டிய தரவுகளை நல்கின.

இவ்வாறு கிடைத்த முடிபுகள் இரண்டு. வட சுவீடனின் மக்களில் 1.3 வீதத்தினர் இவ்வலகின் காவிகள். நோயாளர் அனைவரும் ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்கு முன் விகாரம் தோன்றிய ஒரே மூதாதையின் வழிவந்தோர். நுணுக்குக்காட்டி எட்டாத இடத்தைக் கணக்கு எட்டியது. 1988 இல் நொதியக் குறைபாடு இனங்காணப்பட்டது. 1996 இல் 17ஆம் நிறமூர்த்தத்திலுள்ள அலகில் விகாரங்கள் கண்டறியப்பட்டன. சுவீடிஷ் நோயாளரிற் பெரும்பாலானோரிடம் ஒரே விகாரம் காணப்பட்டமை முன்னைய ஊகத்துக்கு வலுவூட்டிற்று.

எனினும் பாராட்டோடு மதிப்பீடு முற்றுப்பெறாது. இவ்வாய்வு வெளிவந்த காலத்திலே சுவீடனில் 1934 இல் தொடங்கிய கருத்தடைச் சட்டமுறை நடைமுறையிலிருந்தது. அது கைவிடப்பட்ட 1975 வரை ஏறத்தாழ 63,000 பேர் கருத்தடைக்குள்ளாயினர். அவர்களுட் பலர் வற்புறுத்தப்பட்டோர். அறிவு வளர்ச்சிக் குறைபாடுடையோர் அச்சட்டத்தின் நேரடி இலக்காயினர். அத்தகையோரை எண்ணிப் பட்டியலிடுதல் எவர் கைக்குக் கருவியாகும் என்ற வினாவை இங்கு தவிர்த்தல் இயலாது.

ஆயின் அவ்வெண்களே அச்சட்டத்தின் அடிப்படையைத் தகர்ப்பன. நூற்றுக்கு 1.3 காவிகள் எனின், உறவுமுறைத் திருமணத்தை நீக்கி நோக்குமிடத்து, பிறப்பு ஒரு இலட்சத்துக்கு நோயுறுவோர் நால்வர் அளவினரே. காவிகளோ 1,300 பேர். ஒரு நோயாளிக்கு ஏறத்தாழ 300 நலமுடையோர் அதே அலகைத் தாங்கி வாழ்கின்றனர். நோயாளரின் வழித்தோன்றலைத் தடுப்பதால் அவ்வலகு ஒழியாது. அது குறைபாடற்றோர் எனத் தம்மைக் கருதுவோரிடத்தேயே பெரிதும் உறைகின்றது.

பின்னரும் லார்சன், ஷோக்ரெனுடன் இணைந்து பரம்பரை நடுக்கம் (1960), முதுமை மறதி (1963) ஆகியன குறித்த குடித்தொகை ஆய்வுகளில் ஈடுபட்டார். அவற்றிலும் அடிப்படை நோக்கு ஒன்றே: நோயாளியை அவர் பிறந்த மக்கட்கூட்டத்தினின்றும் பிரித்துக் காணாமை. நோயுற்றோரை எண்ணுதல் அவர்களை ஒதுக்கிவைக்க உதவலாம். நலமுடையோரையும் உடன் எண்ணும்போதே அவ்வொதுக்கல் பொருளற்றதென்பது புலனாகும். நோய்ப்பெயரில் ஒரு புள்ளிவிபரவியலாளரின் பெயர் நிலைபெற்றமைக்கு இதனினும் தக்க நியாயம் வேண்டுவதின்று.