ஓய்வுற்ற விண்ணோடங்களும் நிழற்படக் கலையும்

விண்ணோடம் வானில் எழும் காட்சியைப் படமாக்கியோர் பலர். அது பணி முடிந்து நூதனசாலை புகும் காட்சியை உணர்ந்து படமாக்கியோர் சிலரே. முன்னதில் நெருப்பே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. பின்னதிலோ அசைவற்றுக் கிடக்கும் பொருளின் வரலாற்றைக் காட்டும் பொறுப்பு முழுவதும் படமெடுப்போனைச் சார்ந்தது.

1984 முதல் 2011 வரை 39 முறை விண்சென்று மீண்ட டிஸ்கவரி, 2012 ஏப்ரல் 19 ஆம் நாள் வாஷிங்டன் நகரை அடுத்துள்ள ஸ்மித்சோனியன் நூதனசாலையிடம் ஒப்படைக்கப்பட்டது. அதுவரை அங்கிருந்த என்டர்பிரைஸ் அதற்கு இடம்விட்டு வெளிவந்தது. அன்று இரண்டையும் எதிரெதிர் முகம் நோக்க நிறுத்தி எடுத்த படங்களே இத்துறையில் தலைசிறந்தன எனலாம். என்டர்பிரைஸ் சோதனைக்கென அமைந்தது, விண்வெளியைக் காணாதது, ஆதலின் அதன் வெண்மை குன்றவில்லை. டிஸ்கவரியின் ஓடுகளோ, மீளுந்தோறும் வளிமண்டல வெப்பத்தால் தீய்ந்து கரிக்கோடுகள் படிந்தவை. அக்கறைகளைக் கழுவாது விட்டமை நூதனசாலையார் செய்த நற்செயல். உழைத்தது எது, உழையாதது எது என்பதைக் குறிப்புரை இன்றியே கண் அறிந்துகொள்கிறது.

எண்டெவரின் படங்கள் வேறு வகையின. 2012 ஒக்டோபரில் அது லொஸ் ஏஞ்சல்ஸ் வீதிகள் வழியே ஏறத்தாழ 19 கிலோமீற்றர் கொண்டு செல்லப்பட்டது. அதற்கு வழிவிடும்பொருட்டு 400 அளவான மரங்கள் வெட்டப்பட்டன. (ஊர்த் தேருக்கு ஒரு கிளை தறிக்கவே எத்துணை வாதம்!) வீட்டுக் கூரையையும் ஓடத்தின் இறக்கையையும் ஒருங்கே அடக்கிய படங்களிலேதான் அதன் பருமன் விளங்குகிறது.

புளோரிடாவில் அற்லாண்டிஸ் ஒருபக்கம் சாய்த்து நிறுத்தப்பட்டு, நாடக மேடைக்குரிய விளக்கொளியில் விளங்குகிறது. அவ்வொளியை நம்பி எடுத்த படங்கள் அழகியன. ஆயின் விளம்பரத்துக்கும் அவற்றுக்கும் வேறுபாடு காண்டல் அரிது. புதுடில்லி நேரு கோளரங்கில், ராகேஷ் சர்மா 1984 இல் மண்ணுக்கு மீண்ட சோயுஸ் கலம் உளது. அதன் முன் நின்று தம்மையே படமெடுத்து மீள்வோர்க்கு அக்கலம் வெறும் பின்திரையாகிவிடுகிறது.

இக்குறை விண்கலங்களுக்கு மட்டும் உரியதன்று. வலப்பனை மாணவர் சுற்றுலாவில் காணத்தக்க ஹந்தானைத் தேயிலை நூதனசாலையை நோக்குக. 1925 இல் எழுந்த தொழிற்சாலை 2001 இல் நூதனசாலையாயிற்று. இயந்திரச் சக்கரத்தை ரோதை என அழைத்து, ரோதைமுனி என்று தெய்வமும் வழிபட்டவர் மலைநாட்டுத் தொழிலாளர். டிஸ்கவரியின் கரிக்கோட்டை நாடிய கண்ணோடு இவ்வியந்திரங்களை நோக்கியோர் அரியர். அவர்தம் பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் எடுத்துவரும் படங்களிலும் துலக்கிய உலோகமே மின்னுகிறது. கைபட்டுத் தேய்ந்த இடம் படத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது.