சுருங்கிய கண்

சென்னை கண்ணகி நகர்ச் சுவரோவியங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் மற்றவர்கள் நிறத்தைச் சொல்வார்கள். நான் அங்கே ஓவியர் ஏ-கில் வரைந்த இரண்டு பிள்ளைகளின் கண்களைச் சொல்வேன். 2020 தொடக்கத்தில் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் ஏஷியன் பெயின்ட்ஸும் மாநகராட்சியோடு சேர்ந்து அங்கே வரைய வைத்தவற்றில் கட்டமும் வட்டமுமாகப் பளிச்சிடும் சுவர்களும் உண்டு. அவைதாம் உசத்தி என்று வாதாடும் நண்பர் ஒருவர் இருக்கிறார். இருக்கட்டும். அண்ணாந்து பார்ப்பவனைத் திருப்பிப் பார்ப்பது முகம்தானே? இந்திரா நகர் ரயில் நிலையத்தில் ஏ-கில்லும் கத்ராவும் தீட்டிய முகவரிசையில் எச்.ஐ.வி. உள்ளவர் யார், இல்லாதவர் யார் என்று தெரியாது. தெரியக் கூடாது என்பதற்காகவே வரைந்தது. அங்கும் நான் நின்று பார்த்தது, கருவிழியில் வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது என்பதைத்தான்.

கண்ணையே பார்க்கும் இந்தப் பழக்கம் பழைய சினிமா பேனர்க் கிறுக்கு. 1957இல் ‘வணங்காமுடி’க்கு மோகன் ஆர்ட்ஸ் நிறுத்திய 80 அடி சிவாஜி கட்அவுட்டைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் புரியும். படத்தைக் கட்டம் போட்டுப் பெரிதாக்குவார்கள். பையன்கள் பின்னணியை நிரப்புவார்கள். முகம் ஆசானுடையது, அதிலும் கண்ணில் வைக்கும் வெள்ளைப் பொட்டு கடைசியில். அந்தப் பையன்கள் நாளைக்கு ஆசான் ஆவார்கள் என்ற நம்பிக்கை அதில் இருந்தது. ஃபிளெக்ஸ் வந்தது, அந்த நம்பிக்கையும் போயிற்று.

இன்றைய ‘ஊர்கூடி ஓவியம்’ பலவற்றிலும் பழைய வேலைப் பங்கீடு அப்படியே இருக்கிறது, கற்றுக்கொடுப்பது மட்டும் இல்லை. வெளியூர் ஓவியர் கோடு போடுகிறார். உள்ளூர்ப் பிள்ளைகள் கோட்டுக்குள் வர்ணம் அடித்துவிட்டு, கையில் பிரஷ்ஷோடு போட்டோவுக்கு நிற்கிறார்கள்.

உப்பளங்கள் உள்ள மரக்காணத்தில் சுவரோவியம் வரைவதானால் இந்தப் பங்கீடு தலைகீழாக வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது உப்புப் பாத்திகளைப் பாருங்கள். உச்சி வெயில் தண்ணீரிலும் உப்பிலும் பட்டு முகத்தில் அடிக்கிறது. அதிலேயே நின்று உப்பு வாருகிறவர்களின் கண் அகலத் திறந்திருக்காது. இமை இடுங்கி, கடைக்கண்ணில் சுருக்கம் விசிறியாக விரிந்திருக்கும். வெளியூர்க்காரர் போட்டோவைப் பார்த்து, பெரிய கண்ணாக, பளபளப்பாக வரைந்துவிட்டுப் போவார். அந்தக் கண்ணை எந்த அளத்தில் பார்த்தார்? தினமும் அம்மாவின் முகத்தைப் பார்க்கிற பெண்ணிடம் கரித்துண்டைக் கொடுத்தால் இடுங்கலைச் சரியாகப் போடுவாள். பின்னணி வானத்தை வேண்டுமானால் ஓவியர் அடிக்கட்டும்.

சுவர் விஷயத்திலும் உள்ளூரைக் கேட்டால் நல்லது. கடலோரச் செங்கலும் பூச்சும் ஈரத்தோடு உப்பையும் உறிஞ்சி வைத்திருக்கும். அதன்மேல் எமல்ஷனை இறுக்கிப் பூசினால், உள்ளே அடைபட்ட உப்பு பூத்து, வர்ணத்தைப் பொருக்குப் பொருக்காகத் தள்ளிவிடும். சுண்ணாம்பு மூச்சு விடும். ஒரு கோடை முழுக்கச் சுவரைக் காயவிட்டு, சுண்ணாம்பின்மேல் வரைந்தால் கொஞ்சமாவது தாங்கும். டின்னோடு வந்து இறங்குகிறவர்களிடம் இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அதற்குள் அவர்களுக்குத் திறப்பு விழாத் தேதி முடிவாகிவிடுகிறது.