வெளிச்சத்தை மாற்றிப் பாருங்கள்

விக்டோரியா காலத்து அமெரிக்கக் கலைக்கண்ணாடியை நேருக்கு நேர் நின்று பார்த்தால் பாதிகூடக் கண்ணில் படாது. கொஞ்சம் குனிய வேண்டும், பக்கவாட்டில் நகர வேண்டும்.

மாசசூசெட்ஸின் நியூ பெட்ஃபோர்டு திமிங்கில வேட்டையால் கொழித்த துறைமுகம். அந்தத் தொழில் தேயத் தொடங்கிய நாளில், 1870 வாக்கில், பாஸ்டனிலிருந்து அங்கே இடம்பெயர்ந்தது மவுண்ட் வாஷிங்டன் கண்ணாடி நிறுவனம். அதன் ‘கிரவுன் மிலானோ’ ஜாடியை முதன்முறை பார்ப்பவர் பீங்கான் என்றே அடித்துச் சொல்வார். அப்படி ஏமாற வேண்டும் என்றுதான் செய்திருக்கிறார்கள்! பால் நிறக் கண்ணாடியின் பளபளப்பை மழுக்கிவிட்டு, அதன்மேல் பூவும் கொடியும் எனாமலில் தீட்டினார்கள்.

எனாமல் என்பது வெறும் சாயமல்ல. நிறமேற்றிய கண்ணாடித் தூளை எண்ணெயில் குழைத்துத் தீட்டிச் சூளையில் வைத்தால், அது உருகி ஜாடியோடு ஒட்டிக்கொள்ளும். சூடு கொஞ்சம் கூடினாலும் ஜாடியே நெளிந்துபோகும். அதனால் அதிகச் சூடு கேட்கும் வண்ணங்கள் முதலில், இளஞ்சூடு போதுமானவை பிறகு, தங்கம் கடைசியில். ஒரே ஜாடி பலமுறை சூளைக்குள் போய் வந்திருக்கும். ஒவ்வொரு முறையும் விரிசல் விடக்கூடிய ஆபத்து உண்டு.

இனி, ஜாடியின் தோள்மட்டத்துக்குக் கண்ணை இறக்குங்கள். பக்கத்திலிருந்து விழும் ஒளியில் தங்கக் கோடுகள் மேடிட்டு நிற்பதும் அவற்றின் மெல்லிய நிழலும் தெரியும். எனாமல் குழம்பால் வரப்புக் கட்டி, அதன்மேல் தங்கம் பூசியிருக்கிறார்கள். கைபடும் இடங்களில் தங்கம் தேய்ந்திருந்தால் முகம் சுளிக்காதீர்கள். நூற்றாண்டு கடந்த ஜாடியின் விளிம்பில் தங்கம் துளியும் குறையாமல் மின்னினால், யாரோ பின்னாளில் பூசியது என்றுதான் எனக்குச் சந்தேகம் வரும்.

இதே நிறுவனத்தின் ‘ராயல் ஃப்ளெமிஷ்’ வேறு சங்கதி. இதற்கு 1894-இல் காப்புரிமை பெற்றார்கள். ஒளி ஊடுருவும் கண்ணாடியில் பழுப்பும் செம்மண் நிறமும் மெல்லிய பூச்சாக இருக்கும். கட்டத்துக்குக் கட்டம் தங்க வரப்பு. முன்னால் விளக்கடித்தால் கனத்துக் கிடக்கும் இந்த ஜாடி, பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் தேவாலயச் சன்னலாகிவிடும். என் ஓட்டு இதற்குத்தான்.

இதே நிறுவனம் 1885-இல் காப்புரிமை பெற்ற ‘பர்மீஸ்’ கண்ணாடியில் நிறம் உள்ளேயே இருக்கிறது: அடியில் மஞ்சள், மறுபடி சூடேற்றிய மேற்பகுதியில் ரோஜா நிறம். அந்த ரோஜாவைத் தருவது கண்ணாடிக் குழம்பில் கலந்த தங்கம். இதன்மேலும் பூ வரைந்திருக்கிறார்கள்; எனக்கு அது மிகையாகவே படுகிறது. வரையாத ஒன்று கிடைத்தால் விளக்கை அணைத்துவிட்டுப் புறஊதா டார்ச்சை அடித்துப் பாருங்கள். பச்சையாக ஒளிரும். மஞ்சளுக்காக அவர்கள் கலந்தது யுரேனியம்.