இற்ற செப்பு இழையைக் காணும் கை

பெங்களூரின் ரிச்சர்ட்ஸ் டவுன் மரநிழல் தெருக்களில் ஓடும் காரில், சக்கரம் வழுக்கிச் சுழலாமல் காக்கும் இழுவிசைக் கட்டுப்பாட்டின் மஞ்சள் விளக்கு எரிந்தால், பழுதுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனர் பெரும்பாலும் சக்கர வேகத்தை அளக்கும் சென்சாரையே சுட்டும். ஆனால் அக்குறியீடு பழுதான மின்சுற்றைச் சொல்லுமேயன்றி, பழுதான பொருளைச் சொல்லாது. தேர்ந்த எலெக்ட்ரீஷியனின் நுட்பம் இங்கேதான் தொடங்குகிறது. அவர் சென்சாரை அவசரமாக மாற்றாமல், கனெக்டரில் பச்சைக் களிம்பு படிந்துள்ளதா என்று பார்த்து, காந்தச் சுருள் வகைச் சென்சாராயின் கட்டுப்பாட்டுப் பெட்டியின் முனையில் மல்டிமீட்டரை இணைத்து, முன்சக்கரம் திரும்பும்போதெல்லாம் வளைந்து நிமிரும் ஒயரை அங்குலம் அங்குலமாக அசைத்து, உறை கெடாமலே உள்ளே இற்றுப்போன செப்பு இழையை, மின்தடை திடீரெனத் தாவும் கணத்தில் கண்டுகொள்கிறார். இதுவே இப்பணியின் மிக அழகிய பகுதி. பின்னர் ஒயரைச் சீராக்கி, குறியீட்டை அழித்து, ஓடும் காரில் நான்கு சக்கர வேகங்களும் திரையில் ஒத்துச் செல்வதைக் கண்டபின்னரே வேலை முடிந்ததாகக் கொள்கிறார்.