மல்லாட்டைக் கொல்லையில் ஒரு வனவாசம்

சென்ற மார்ச்சில் ஒரு சனிக்கிழமை ராத்திரி, ரமணாசிரமத்துக்கு மேற்கே கிரிவலப் பாதையை விட்டுக் கொஞ்ச தூரம் உள்ளே தள்ளி ஒரு கூடாரத்தில் படுத்திருந்தேன். கூடாரம் என்றதும் என்.சி.சி. முகாமை நினைத்துக்கொள்ளாதீர்கள். இரட்டைக் கட்டில், ஏசி, வெந்நீர் வரும் குளியலறை எல்லாம் உண்டு. கிளாமரையும் கேம்பிங்கையும் ஒட்டவைத்து இதற்கு கிளாம்பிங் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஏறக்குறைய 200 கிலோமீட்டர்தான். வெள்ளி இரவு கிளம்பினால் ஞாயிறு இரவு வீடு. எங்களைப் போன்ற ஐ.டி. ஆட்களுக்கு அளவெடுத்துத் தைத்த தூரம்.

இடத்தின் பெயர் வேண்டாம். நான் விமர்சிக்க நினைப்பது அந்த இடத்தை அல்ல, அதை விற்ற எழுத்தை. விளம்பரத்தில் 'காடு' என்ற சொல் ஆறு இடத்தில் வந்தது (எண்ணினேன், தொழில்புத்தி). மலையின் மடி, ஆதி மௌனம், ரிஷிகள் வாழ்ந்த வனம் என்றெல்லாம் இருந்தது. போய் இறங்கியதும் அங்கே காவலுக்கு இருந்த பெரியவரிடம், "காடு எந்தப் பக்கங்க ஐயா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"காடு எங்க சார் இருக்கு இங்க? இது மல்லாட்ட போட்ட கொல்ல. மூணு வருசம் முன்னாடி நானே களை எடுத்திருக்கேன்."

வேர்க்கடலைக்கு இந்தப் பக்கம் மல்லாட்டை என்று பெயர். திருவண்ணாமலை மாவட்டத்தின் மானாவாரி நிலத்தில் பாதிக் கதை அதுதான். ஆக, விளம்பரம் வனம் என்று சொன்னதை, அதில் உழைத்தவர் கொல்லை என்கிறார்.

இனி புத்தகத்துக்கு வருகிறேன். பையில் பால் பிரண்டனின் 'எ ஸர்ச் இன் சீக்ரெட் இந்தியா' இருந்தது. 1931இல் ரமணரைத் தேடி வந்த ஆங்கிலேயப் பத்திரிகையாளர். 1934இல் வெளிவந்த இந்தப் புத்தகம்தான் ரமணாசிரமத்தை மேற்குலகுக்கு அறிமுகம் செய்தது. அதன் பிற்பகுதியில் ஓர் அத்தியாயத்தின் தலைப்பே 'காட்டு ஆசிரமத்தில்' என்ற பொருள்படும் ஆங்கிலம். ஜங்கிள் என்ற சொல்லைத்தான் போடுகிறார். கல்லூரி நாளில் படித்தபோது மெய்சிலிர்த்தது. இந்த முறை, அந்த விளம்பரத்தையும் படித்துவிட்டு வந்ததாலோ என்னவோ, வேறு மாதிரி கண்ணில் பட்டது.

பிரண்டனுக்கு நியாயம் செய்துவிடுகிறேன். தன் சந்தேகங்களை ஒளிக்காமல் எழுதுகிறார். போலிச் சாமியார்களைப் போலி என்றே சொல்கிறார். மௌனத்தை விவரிக்கும் பக்கங்கள் இன்றைக்கும் நிற்கின்றன. ஆனால் புத்தகத்தை மூடிவைத்தால் என் நினைவில் தங்குவது முனிவர், மலை, யோகி ராமய்யா அஞ்சாமல் நெருங்கும் ஒரு நாகப்பாம்பு, அப்புறம் எழுதுகிறவர். தண்ணீர் யார் கொண்டுவந்தார்கள், சோறு எங்கிருந்து வந்தது என்பது தங்கவில்லை. கூடார விளம்பரமும் இதே சட்டத்துக்குள்தான் படம் பிடிக்கிறது. முனிவர் இருந்த இடத்தில் இப்போது வாடிக்கையாளர், அவ்வளவுதான்.

ரமணர் மலைமேல் வாழ்ந்த கதையைத் தண்ணீரையும் சோற்றையும் வைத்துப் படித்தால் வேறு கதை கிடைக்கும். 1899 முதல் 1916 வரை விருபாட்ச குகை. கோடையில் அங்கே தண்ணீர் கிடைக்காது, அதனால் கீழே இருக்கும் மாமரத்துக் குகைக்கு இறங்கிவிடுவார்கள். 1916இல் கந்தாசிரமத்துக்கு மாறியதிலும் தண்ணீருக்குப் பங்குண்டு. அங்கே ஊற்று இருக்கிறது. கந்தசாமி என்ற அன்பர் பாடுபட்டு அந்த இடத்தைச் சமப்படுத்திக் கட்டினார், அவர் பெயரே இடத்துக்கும் நின்றது. சோற்றுக்கு? ஊருக்குள் போய் வாங்கி வந்த பிச்சை. கணவரையும் பிள்ளைகளையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்துவிட்டு 1907 வாக்கில் வந்த எச்சம்மாள், நாள் தவறாமல் சமைத்து மலையேறிக் கொண்டுவந்து கொடுத்தார். மலையில் கீரை பறித்துச் சமைத்துக் கொடுத்த ஒரு கிழவிக்குக் கீரைப்பாட்டி என்றே பெயர். அன்னை அழகம்மாள் வந்து அடுப்பு மூட்டிய பிறகுதான் மேலேயே ஒழுங்கான சமையல். 1922இல் அன்னை மறைந்து, சமாதி அடிவாரத்தில் அமைந்து, ரமணரும் கீழே வந்த பிறகே இன்றைய ஆசிரமம். பக்கத்துப் பலாக்கொத்தில் குஞ்சு சுவாமி, முருகனார் போன்றவர்கள் சின்னக் குடில்களில் இருந்ததும் அங்கே குளம் இருந்ததால்தான் சாத்தியம்.

'தனிமையில் வாழ்ந்தார்' என்று ஒரே வரியில் நாம் தாண்டிப்போகும் 23 வருஷத்துக்குப் பின்னால் இத்தனை பேருடைய கால்வலி இருக்கிறது. கூடாரத்தில் எனக்கு வெந்நீர் வந்த குழாயின் மறுமுனையில் ஒரு டேங்கர் லாரி இருந்தது. போர்வெல் மாசியிலேயே கையை விரித்துவிட்டதாம்.

இங்கே ஒரு கிளைக்கதை. ஜங்கிள் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மூலம் சமஸ்கிருத 'ஜாங்கல'. ஆயுர்வேத நூல்கள் நிலத்தை ஜாங்கலம், ஆனூபம், இரண்டும் கலந்த சாதாரணம் என்று பிரிக்கின்றன. ஜாங்கலம் என்றால் அடர்ந்த காடே இல்லை. முள்ளும் புதரும் உள்ள, நீர் குறைந்த, வறண்ட திறந்தவெளி. பிரெஞ்சு அறிஞர் பிரான்சிஸ் சிம்மர்மன் இதை வைத்தே ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். அப்படிப் பார்த்தால் பிரண்டன் தெரியாமலே சரியான சொல்லைப் போட்டிருக்கிறார். அண்ணாமலை மழைக்காடு கிடையாது. வறண்ட மலை, புதர், இலையுதிர்க்கும் மரங்கள்.

அந்த மரங்களும் தானாக இருப்பவை அல்ல. விறகுக்கும் மேய்ச்சலுக்கும் நெருப்புக்கும் போய் 1980களில் மலை கிட்டத்தட்ட மொட்டையாக நின்றது. அந்தப் பத்தாண்டின் கடைசியில் மீட்பு வேலை தொடங்கியது. பிறகு 'தி ஃபாரஸ்ட் வே' போன்ற அமைப்புகள் நாற்றங்கால் வைத்து, மழைக்கு மழை நட்டு, வருஷாவருஷம் தீத்தடுப்புக் கோடு வெட்டி வருகின்றன. மழைக்குப் பிறகு எலுமிச்சைப்புல் ஆள் உயரம் வளரும். மாசி பங்குனியில் அது அப்படியே காய்ந்து நிற்கும். ஒரு தீ பிடித்தால் பத்து வருஷ நாற்று ஒரு ராத்திரியில் போகும். அணைக்கிறவர்கள் பச்சைக் கிளையும் முதுகில் தண்ணீர்ப் பையுமாக ஓடுகிறார்கள்.

இந்த நிலத்தில் மார்ச் மாதம் 'கேம்ப் ஃபயர் இலவசம்' என்று போடுகிறார்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி குரங்கணியில் மலையேறப் போன 20க்கும் மேற்பட்டவர்கள் காட்டுத்தீயில் இறந்தார்கள். அதே ஆண்டு மலையேற்றத்துக்கு அரசு விதிகள் கொண்டுவந்தது. அவை வனத்துறை நிலத்துக்கு. மலையை ஒட்டிய கொல்லையில் பறக்கும் பொறி எல்லைக்கல் பார்த்தா விழும்?

'மலையின் மடி' என்ற சொல்லும் உறுத்துகிறது. 2024 டிசம்பர் 1, ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஏழு பேர் போனார்கள். ஐந்து பேர் குழந்தைகள். அவர்களும் மலையடிவாரத்தில்தான் குடியிருந்தார்கள். அதற்கு அழகான பெயர் யாரும் வைக்கவில்லை.

வெட்டவெளியில் படுப்பதை நான் எதிர்க்கவில்லை. என் மகள் வாழ்க்கையில் முதல்முறையாக ஓரியன் பெல்ட்டைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். மல்லாட்டையில் கிடைக்காத காசு நிலத்துக்காரருக்கு இதில் கிடைக்கிறது என்றால், பெங்களூரில் ஏசி அறையில் உட்கார்ந்து அவருக்குப் புத்தி சொல்ல நான் யார்? ஆனால் எழுதும்போது உள்ளதை எழுதலாமே. கொல்லை என்றே போடுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவுநீர் எங்கே போகிறது என்று இரண்டு வரி சேருங்கள். வெயில் காலத்தில் நெருப்பு கிடையாது என்று ஒரு வரி. ஆதி மௌனத்தை எடுத்துவிட்டால் இடம் தாராளமாகக் கிடைக்கும். ஜெனரேட்டர் சத்தத்தில் அது எப்படியும் கேட்கவில்லை.

ராத்திரி எட்டு மணிக்குப் பெரியவர் விறகை அடுக்கினார். கையில் தீப்பெட்டியோடு மலையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"கொளுத்தட்டுமா சார்?"

"வேணாங்க ஐயா. காத்து அடிக்குது."

"நானே சொல்லணும்னு இருந்தேன். மொதலாளி கேட்டா நீங்களே வேணாம்னுட்டீங்கன்னு சொல்லிடறேன்."

காலையில் நாங்கள் கிளம்பும்போது அந்த விறகை அப்படியே கட்டி, தன் டி.வி.எஸ். 50இல் பின்னால் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போய்க்கொண்டிருந்தார்.