சொல்வதெழுதலும் சொல்விளையாட்டும்: ஒரு மதிப்பீடு

எழுத்துப் பிழை சிறு குற்றம் என்று கருதுவாரும் உளர். பெருங் குற்றம் என்று பிரம்பெடுப்பாரும் உளர். இருசாராரும் ஒன்றைக் காணத் தவறுகின்றனர். பிழையினால் நேரும் பெருங்கேடு, தாளிற் காணும் சிவப்புக் கோடன்று. 'பறவை' என்னும் சொல்லில் எந்த ரகரம் வரும் என்று ஐயுறும் சிறுவன், அச்சொல்லை விடுத்துக் 'காகம்' என்று எழுதி விடுகிறான். 'உழவன்' என எழுத அஞ்சுபவன் 'கமக்காரன்' என எழுதித் தப்புகிறான். அவன் கட்டுரையிற் பிழை குறைகின்றது. அதனுடன் சொல்வளமும் குறைகின்றது. ஆசிரியர் பிழையை எண்ணுகிறார். பிள்ளை கைவிட்ட சொற்களை எண்ணுவார் ஒருவருமிலர். ஆதலின் எழுத்துப் பயிற்சியை ஆராயப் புகுவார், அது பிழையைக் குறைக்கின்றதா என்று மட்டும் வினவுதல் போதாது. பிள்ளை அச்சமின்றிச் சொல்லை எடுத்தாள அது துணை செய்கின்றதா என்றும் வினவுதல் வேண்டும்.

பழைய வகுப்பறையில் இப்பயிற்சிக்கு இரண்டு வழிகளே இருந்தன. ஒன்று சொல்வதெழுதல், மற்றொன்று பிழைபட்ட சொல்லைப் பத்து முறை திருப்பி எழுதுதல். இவை வறட்சியானவை என்று கண்டு, விளையாட்டின் மூலம் சொற்களைப் பழக்கும் முறைகளை இக்காலத்தார் கைக்கொள்கின்றனர். எழுத்துக்களைக் கலைத்துக் கொடுத்துச் சொல்லாக்குதல், கட்டங்களில் மறைந்துள்ள சொல்லைத் தேடுதல், சொற்சங்கிலி கோத்தல், வண்ண எழுத்தால் எழுதுதல், மணலிலும் மாவிலும் எழுதுதல் என இவை பலவாகும். இவற்றால் வகுப்பறை கலகலப்புறுகின்றது என்பதில் ஐயமில்லை. ஆயின் கலகலப்பு வேறு, கல்வி வேறு. எம்முறைக்கும் நாம் இடவேண்டிய உரைகல் ஒன்றுண்டு. ஐயத்துக்கு இடமான எழுத்தைப் பிள்ளை தன் நினைவிலிருந்து தானே வரவழைக்கின்றதா? அவ்வெழுத்து பொருளோடு இணைந்து நிற்கின்றதா? செய்தது சரியோ பிழையோ என்பதை உடனே அறிகின்றதா? இம்மூன்று வினாக்களையுங் கொண்டு பழையனவற்றையும் புதியனவற்றையும் ஒருங்கே நோக்குவாம்.

அதற்குமுன் தமிழெழுத்தின் இயல்பை உணர்தல் வேண்டும். மேற்கூறிய விளையாட்டுக்களுட் பல ஆங்கிலப் பாடசாலைகளின் வழியே நம்மிடம் வந்தவை. ஆங்கிலத்தில் ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள உறவு மிகத் தளர்ந்தது. கரடுமுரடு, ஆயினும், ஊடாக, இருமல் என்னும் பொருளுடைய நான்கு ஆங்கிலச் சொற்களின் ஈற்றில் ஒரே நான்கு எழுத்துக்கள் நின்று நான்கு வேறு ஒலிகளைத் தருகின்றன. இதனாலேயே எழுத்துக்கூட்டிச் சொல்லுதல் அமெரிக்காவில் ஒரு போட்டியாக வளர்ந்து, 1925ஆம் ஆண்டு முதல் நாடளாவியதாகவும் நடைபெறலாயிற்று. அங்கே எழுத்துக்களின் வரிசையே பிள்ளைக்கு இடர். தமிழில் வரிசை இடரன்று. 'பழம்' என்னும் சொல்லில் எவ்வெழுத்து முன், எவ்வெழுத்து பின் என்று எப்பிள்ளையும் மயங்குவதில்லை. நடுநின்றது லகரமோ, ளகரமோ, ழகரமோ என்பதே மயக்கம். ரகர றகரங்களும் நகர னகர ணகரங்களும் அத்தகையனவே. இவற்றோடு குறில் நெடில் மயக்கமும், சந்தியில் வல்லெழுத்து மிகுமிடம் பற்றிய மயக்கமுஞ் சேரத் தமிழ்ப் பிள்ளையின் பிழைகள் பெரும்பாலும் அடங்கிவிடும். நோய் வேறாயின் மருந்தும் வேறாதல் வேண்டுமன்றோ?

இனி விளையாட்டுக்களை நோக்குவாம். 'ம், ப, ழ' என்று கலைத்துக் கொடுத்துச் சொல்லாக்குக என்னும்போது, ஐயத்துக்குரிய ழகரத்தை நாமே பிள்ளையின் கையிற் கொடுத்துவிடுகிறோம். எஞ்சியது வரிசை, அஃது அவனுக்கு முன்னரே தெரிந்தது. கட்டங்களிற் சொல் தேடும் விளையாட்டும் இக்குறையுடையதே. தேடவேண்டிய சொல் பக்கத்தில் அச்சிடப்பட்டிருக்கக் கண்கள் ஒப்பிடுகின்றனவேயன்றி நினைவு தொழிற்படுவதில்லை. வண்ணக் கோல்களால் எழுதுதலும் அவ்வாறே. மயங்கும் எழுத்துக்கு மட்டும் தனி நிறம் கொடுத்தால் அதனால் ஒரு பயனுண்டு. எல்லா எழுத்துக்கும் எல்லா நிறமும் பூசினால் அது சித்திர பாடம்.

சொற்சங்கிலியின் நிலை இன்னும் வேடிக்கையானது. ஒரு சொல்லின் ஈற்றெழுத்தால் அடுத்த சொல்லைத் தொடங்குக என்பது அதன் விதி. 'மழை' என்று ஒருவன் சொன்னால் அடுத்தவன் 'ழை' யில் தொடங்குஞ் சொல்லுக்கு எங்கே போவான்? ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்பன தமிழ்ச்சொல்லுக்கு முதலாகா என்பது இலக்கண நூலார் துணிபு. இரண்டு மூன்று சொற்களுக்குள் சங்கிலி அறுந்துவிட, ஆசிரியர் ஏதேனும் ஒரு விதிவிலக்கைச் சொல்லிச் சமாளிக்கிறார். உண்மையில் அந்த முறிவே பாடமாதற்குரியது. 'எவ்வெழுத்துக்களில் சங்கிலி அறுகின்றது என்று பட்டியல் எழுதுக' எனப் பிள்ளைகளை ஏவினால், அவர்கள் மொழிமுதலாகா எழுத்துக்களைத் தாமே கண்டுபிடிப்பர். சொல்லின் முதலில் வருவது எப்போதும் தந்நகரமே என்பதையும் அதனோடு அறிந்து கொள்வர். இரவல் விளையாட்டை நம் மொழியின் இயல்புக்கேற்பத் திருத்தினால் விளையும் நன்மைக்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

'பிழையான சொல்லைக் கண்டுபிடி' என்னும் பயிற்சி கேடும் விளைக்க வல்லது. பிழையுருவைப் படித்தலே பின்னர்ச் சரியாக எழுதும் ஆற்றலைக் குறைக்கின்றது என்பதை யாக்கோபி, ஹொலிங்ஸ்ஹெட் என்னும் உளவியலறிஞர் இருவர் 1990ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியிற் காட்டினர். வளர்ந்தோர்க்கே அவ்வாறாயின், சரியுருவம் இன்னும் மனத்திற் பதியாத இளம் பிள்ளையின் முன் மூன்று பிழையுருவங்களை நிறுத்தி ஒன்றைத் தெரியச் சொல்லுதல் தகுமா?

புதியன குறையுடையன என்பதனாற் பழையன குற்றமற்றன என்று கொள்ளற்க. ஒரு சொல்லைப் பத்து முறை எழுதும் பிள்ளை முதல் முறையே சொல்லை எழுதுகின்றது. பின்னர் அதன் கை மேல்வரியைப் பார்த்து வரைகின்றது. சிலர் முதலெழுத்தைப் பத்து வரியிலும் எழுதி, அடுத்த எழுத்தையும் அவ்வாறே நிரப்புதலை ஆசிரியர் யாவரும் அறிவர். அங்கே சொல் என்பதே இல்லை. சொல்வதெழுதலோ இதனினும் மேலானது. நினைவிலிருந்து வரவழைக்கும் உழைப்பு அதனிலுண்டு. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தோரையும், படித்தபின் நினைவுகூர்ந்து எழுதினோரையும் றோடிகர், கார்ப்பிக் என்போர் ஒப்பிட்டு 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடத்தின்பின் முன்னவரும், ஒரு வாரத்தின்பின் பின்னவரும் மிகுதியாக நினைவிற்கொண்டிருந்தனர். அவர்கள் ஆராய்ந்தது உரைப்பகுதிகளையே யெனினும், வரவழைத்தலின் வலிமை எழுத்துப் பயிற்சிக்கும் பொருந்துவதே. ஆனால் சொல்வதெழுதல் சோதனையாக மட்டும் நின்றுவிட்டது. தனிச்சொற்கள் பொருளின்றி உதிர்க்கப்படுகின்றன. திருத்தம் மறுநாள் வருகின்றது. புள்ளி மட்டும் உடனே பதியப்படுகின்றது.

அதனிடத்து வேறொரு குறையும் உண்டு. நம் நாட்டுப் பேச்சு வழக்கில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிக்கின்றது. ஆசிரியரும் அவ்வாறே ஒலித்தால் 'வளி', 'வழி' என்பவற்றுள் எதனை எழுதுவது என்பது குருட்டாட்டமாகும். அவர் தாளில் எழுதியிருப்பதற்கேற்ப நாவை வலிந்து மடித்து ஒலித்தாலோ, பிள்ளை அக்குறிப்பைப் பற்றிக்கொண்டு எழுதிவிடும். தானே கட்டுரை எழுதும்போது அருகிலிருந்து நாமடிப்பார் யார்? ஒலிப்பயிற்சி பிள்ளையின் நாவுக்கே உரியதாதல் வேண்டும். எழுத்துக்கள் பிறக்குமாற்றைத் தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்துரைத்தது இதற்குத் தக்க வழிகாட்டியாகும். நா எவ்விடத்தை ஒற்றுகின்றது, எவ்விடத்தை வருடுகின்றது என்பதைச் சிறு கண்ணாடியிற் பார்த்துப் பார்த்து ஒலிப்பது பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டும் ஆகும்.

மணலில் எழுதும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இதனை மேல்நாட்டுப் புதுமையென எண்ணுவார்க்கு வரலாறு வேறு விடை தருகின்றது. சென்னையில் அநாதைச் சிறுவர் பாடசாலையொன்றை நடத்திய அந்திரு பெல் என்னும் பாதிரியார், அந்நாட்டுப் பள்ளிச் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அதனைத் தாமும் கைக்கொண்டார். 1797இல் இலண்டனில் தம் அனுபவத்தை நூலாக வெளியிட, அது 'சென்னை முறை' எனப் பெயர் பெற்றுப் பரவிற்று. ஏடு தொடக்கும் நாளிற் குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவிக்கும் நம் வழக்கும் இவ்வினத்ததே. மொந்தெசோரி அம்மையாரின் மணற்றாள் எழுத்துக்களும் விரலின் நினைவையே துணைக்கொள்கின்றன. ஆயின் இம்முறையின் எல்லையை அறிதல் வேண்டும். ழகரத்தை எவ்வாறு வரைவது என்பதை மணல் கற்பிக்கும்; எச்சொல்லில் வரைவது என்பதை அது கற்பிக்காது. முதலாம் வகுப்புக்கு உரியதை ஐந்தாம் வகுப்பிலுஞ் செய்துகொண்டிருத்தல் காலக்கழிவு.

அங்ஙனமாயின் செய்யத் தக்கன யாவை? முதலாவது, பொருளால் வேறுபடுக்கும் விளையாட்டு. தலை, தளை, தழை, உலவு, உளவு, உழவு, கரி, கறி, மனம், மணம் போன்ற சொற்றொகுதிகளைக் கொடுத்து, ஒரு தொகுதிச் சொற்கள் யாவும் வருமாறு ஒரு சிறு கதை புனையச் செய்யலாம். 'தளையுண்ட ஆடு தலையை நீட்டித் தழையைத் தின்றது' என்னும் வாக்கியத்தைத் தானே ஆக்கிப் படமும் வரைந்த பிள்ளை அம்மூன்றையும் எளிதில் மறவாது. படத்தை மட்டும் மறுநாள் காட்டி வாக்கியத்தை எழுதச் செய்தால் வரவழைத்தலும் நிகழும்.

இரண்டாவது, சாட்சி தேடும் விளையாட்டு. இது தமிழுக்கே உரியது. ஐயத்துக்குரிய மெய்யெழுத்தைச் சந்தியில் நிறுத்தி விசாரித்தால் அது தன்னைக் காட்டிக்கொடுக்கும். கல், கற்கள் ஆகின்றது. முள், முட்கள் ஆகின்றது. நில் என்பது நிற்க என்றும், கேள் என்பது கேட்க என்றும், வாழ் என்பது வாழ்க என்றும் வரும். சென்றான் என்பதில் றகரம் தோன்றலின் அதன் பகுதி 'செல்'. கொண்டான் என்பதில் டகரம் தோன்றலின் 'கொள்'. வாழ்ந்தான் என்பதில் ழகரம் மாறாது நிற்கின்றது. ல, ற, ன ஒரு குடும்பம். ள, ட, ண மற்றொரு குடும்பம். றகர னகரங்களுக்கு ஒரு பிறப்பும், டகர ணகரங்களுக்கு ஒரு பிறப்பும் தொல்காப்பியர் கூறியதன் நுட்பமும் ஈண்டு விளங்கும். கால்கள், தோள்கள் என்றாற்போல் மாறாது நிற்பனவும் உளவாதலின் இச்சாட்சி எல்லாச் சொல்லுக்கும் வாராது. வாராதவிடத்துச் சுற்றத்தைக் கேட்கலாம்: இரங்கு என்பதற்கு இரக்கமும், இறங்கு என்பதற்கு இறக்கமும் இறக்குமதியும் உறவு. வகுப்பை இரு கட்சியாக்கி, ஒரு கட்சி சொல்லை நிறுத்த மறுகட்சி சாட்சி கொணரும்படி செய்தால், இலக்கணம் கசப்பின்றி உட்செல்லும்.

மூன்றாவது, பார்த்து, மூடி, எழுதி, ஒப்பிடுதல். சொல்லை நோக்கி ஒலித்தபின் மறைத்துவிட்டு எழுதி, உடனே திறந்து பிள்ளையே திருத்திக்கொள்ளும். இதற்குச் செலவில்லை, ஆசிரியரின் சிவப்பு மையும் வேண்டா. குறிப்பைக் கொண்டு சொல்லை ஊகித்து நிரப்பும் குறுக்கெழுத்தும் ஏற்புடையதே. அங்கே எழுத்தைத் தெரிபவன் பிள்ளை, குறுக்கே செல்லும் சொல் அவனைத் திருத்தும் ஆசிரியன். இவையனைத்துக்கும் அடிப்படையாக நல்ல நூல்களின் வாசிப்பு அமைதல் வேண்டும். 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்த நாவலரவர்கள் பிள்ளைகளுக்கெனப் பாலபாடங்களை எழுதிப் பிழையற அச்சிடுவித்தமை, செவ்விய உருவமே பிள்ளையின் கண்ணிற் படவேண்டும் என்னும் நோக்கத்துக்குச் சான்றாகும்.

எவ்வளவு பயின்றும் எழுத்துக்கள் மயங்கும் பிள்ளைகள் சிலர் உளர். அது சோம்பலன்று, வாசிப்பு, எழுத்து ஆகியவற்றில் இயல்பாய் அமைந்த இடர்ப்பாடாதல் கூடும். அவர்களைப் பத்து முறைக்குப் பதில் நூறு முறை எழுதுவித்தல் கொடுமை. தக்காரிடங் காட்டித் துணை தேடலே அறம்.

கைப்பேசி பிழை திருத்தும் இக்காலத்தில் இத்துணை முயற்சி எதற்கு என்று கேட்பாரும் உண்டு. 'கரி', 'கறி' இரண்டும் தமிழ்ச்சொற்களே. எது வேண்டும் என்பதை எழுதுவோனே அறிவான். பொறி பல சொற்களை நீட்டும். தெரிந்தெடுக்கும் அறிவைப் பிள்ளைக்கு நாமே ஊட்டல் வேண்டும். ஆதலின் ஆசிரியர்காள், விளையாட்டை விலக்கற்க. உரைத்துப் பார்த்து ஏற்க. 'உழவன்' என்று எழுத அஞ்சிய சிறுவன், பிழை நேரினும் திருத்திக்கொள்ளும் வழி தன் கையிலுண்டு என்று துணிந்து அச்சொல்லை எழுதும் நாளே நம் பயிற்சி பயன்பட்ட நாள்.