போர்ட்டியே வளைவில் கொஞ்சம் முன்னதாக

மொனாக்கோவின் பழைய ஃபார்முலா கார் பந்தயத்தைத் தொடர்ந்து பார்க்கிற நம்மவர்கள்கூட ஒரு விஷயத்தில் பிடிவாதமாகத் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். 3 லிட்டர் கார்களின் பிரிவில் ஒருவர் ஓட்டுகிறார். போர்ட்டியே வளைவை விட்டு வெளியே வரும்போது, எஞ்சின் உச்சத்தைத் தொடுமுன்பே மூன்றாவது கியருக்கு மாறிவிடுவார். ‘வயசாயிடுச்சு, பயப்படுறார்’ என்று உடனே தீர்ப்பு. அவருக்குப் பின்னால் வருகிறவர் காரின் பின்பக்கத்தை அலையவிட்டு, எஞ்சினை அலறவிட்டுப் போனால் கைதட்டல். கேமராக்காரர்களுக்கும் அவர்தான் செல்லப்பிள்ளை.

எனக்கு அந்தப் ‘பயந்தவரை’த்தான் பிடிக்கும். மறைக்க என்ன இருக்கிறது?

அவர் முதுகுக்குப் பின்னால் இருப்பது காஸ்வொர்த் டிஎஃப்வி எஞ்சின். ஃபோர்டின் பணத்தில் கீத் டக்வொர்த் வடிவமைத்தது. 1967-இல் ஜாண்ட்வோர்ட்டில் இறங்கிய முதல் பந்தயத்திலேயே வென்றது, 1983 டெட்ராய்ட்டோடு 155 வெற்றிகள் என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். அதைப் பொருத்திய விதத்தைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். ஓட்டுநர் அமரும் கூடு அவர் முதுகோடு முடிந்துவிடும். அதற்குப் பின்னால் தனிச் சட்டம் கிடையாது, எஞ்சினே சட்டம். அதன் வாலில் கியர்பாக்ஸ். பின் சஸ்பென்ஷன் பிடித்திருப்பது இந்த இரண்டையும்தான். முரட்டுத்தனமாக ஒரு கியர் போட்டால் அந்த அடி முழு வரிசையிலும் இறங்கும்.

கியர்பாக்ஸும் லேசுப்பட்டதல்ல. இந்த ஹியூலேண்ட் கியர்பாக்ஸில் சிங்க்ரோமெஷ் இல்லை. பல்லும் பல்லும் நேராக மோதித்தான் சேர வேண்டும். எஞ்சினோ, குறிப்பாக ஆரம்பகால வடிவத்தில், நிமிடத்துக்குச் சுமார் 6,500 சுற்றைத் தாண்டியதும் திடீரென்று பொங்கும். வளைவின் நடுவே இரண்டாவது கியரில் அது பொங்கினால் பின் டயர் வழுக்காமல் என்ன செய்யும்? மூன்றாவதில் சக்கரத்துக்குப் போகும் முறுக்கு குறைவு, பிடி அதிகம். சுரங்கப்பாதைக்குள் கார் நேராக நுழையும். ஆனால் சும்மா முன்னதாக மாற்றினால் எஞ்சின் சக்தி குறைந்த இடத்தில் விழுந்து திணறும். இவர் கார் திணறுவதில்லை. ஆகவே மூன்றாவது கியரை இரண்டாவதுக்கு நெருக்கமாக அமைத்திருக்க வேண்டும். ஹியூலேண்டில் பல்சக்கர ஜோடிகளைச் சீக்கிரம் மாற்றிவிடலாம். நாம் பயம் என்கிற அந்த முடிவு முந்தின நாள் மாலையே ஸ்பானரோடு எடுக்கப்பட்டது. பந்தயத்தில் கால் அதை நிறைவேற்றுகிறது, அவ்வளவுதான்.

அடுத்த முறை என்ன நடக்கும்? முதல் சில சுற்றுகளில் இவர் பின்தங்குவார், நீங்களும் சிரிப்பீர்கள். பாதிக்கு மேல், அலையவிட்டவரின் பின் டயர்கள் சூடேறிப் பிடியை இழக்கும். சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் துறைமுகச் சிக்கேனில் இவர் உள்பக்கம் நுழைவார். மழை பெய்தால் இன்னும் சீக்கிரமே. மேடையில் இவர் நிற்கும்போது, கைதட்டல் வாங்கியவரின் மெக்கானிக்குகள் பிட்டில் கியர்பாக்ஸைத் திறந்து உடைந்த பல்லைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.